மேல் அலமாரிகளைக் கழற்றிவிட்டேன்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளை தவறாமல் சண்டையும் போட்டுக்கொண்டு குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ உடம்பும் மனசுமாக எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஒரே யோசனை. கவரைப் பிரித்ததும் கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறியிருப்பாய், பதறாதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறாள், முழங்காலுக்குத் தைலம் வாங்குகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், அவள் போன நேரம் பார்த்துத்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவர் நம் பட்டறைக்குப் பக்கத்துக் கடை போர்டுக்காரர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், நீ சைக்கிள் பழகும்போது அவர் காயப் போட்டிருந்த பலகை மேல் ஏற்றி ஒரு பல் டாக்டரின் பெயரில் பாதியை அழித்தாயே, அவரேதான். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எழுத்தை மட்டும் பெரிசு பெரிசாகத்தான் போடுவேன், கை அப்படிப் பழகிவிட்டது என்கிறார், அதனால் தாள் கூடத்தான் ஆகும். இத்தனை வருஷத்தில் உன் அம்மா கை படாமல் உனக்கு நான் ஒரு கடிதம் போட்டதில்லை, இதுதான் முதல் தடவை. பதிலை இந்தக் கடை விலாசத்துக்கே போடு, வீட்டுக்குப் போடாதே. ஏன் என்பது சொல்லச் சொல்ல உனக்கே தெரிந்துவிடும்.

முதலில் உன் வண்டி. நீ வாங்கி அனுப்பின அந்தச் சின்னக் கேரவன், அம்மா அதை டப்பா என்கிறாள், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது, வந்து இறங்கி நாலு மாதம் ஆகப் போகிறது. ஏரித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் பாட்டிலில் பிடித்துச் சோதிக்கிற வேலையில் பத்து நாளுக்கு ஒரு அறை, பத்து நாளுக்கு ஒரு ஊரான் தலையணை என்று அலைந்து அலுத்துவிட்டது, எனக்கென்று ஒரு கூடு ஜீப்புக்குப் பின்னாலேயே வரட்டும் என்று நீ எழுதினது நியாயம்தான். உன் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, வீடு கட்டிக் குடிபோற வயசுல உன் பொண்ணு வீட்டுக்குச் சக்கரம் மாட்டுறாளே அண்ணே என்றான். உன் வீட்டுக்குச் சக்கரம் இருந்திருந்தா நீ எப்பவோ பெண்டாட்டிக்குத் தெரியாம ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேடா என்றேன், போட்ட டீயைக் குடிக்காமல் போய்விட்டான், இன்னும் முகம் கொடுக்கவில்லை. போகட்டும். உள்ளே வெறும் தகரக் கூடுதான் வந்தது. நீளம் பத்தடி நாலு அங்குலம், அகலம் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு, நடுவில் நின்றால் என் தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சம். எனக்கு எழுத்துதான் தெரியாது, டேப்பில் இருக்கிற எண் தெரியும், ஒரு தடவை அளந்தது இந்த மண்டையை விட்டுப் போகாது, நீ பிறந்த வருஷம் கண் டாக்டர் வீட்டுக்குச் செய்த வாசல் கதவின் அகலம் இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஐம்பது வருஷமாக வீடுகளுக்கு வேலை செய்தவனுக்கு இந்த டப்பா புதுசு. ஒரு சுவராவது நேராக இருக்க வேண்டுமே. வீட்டில் சுவர் கோணலாக இருந்தால் கொத்தனாரைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம், இங்கே யாரைத் திட்டுவது, வண்டியே முட்டை மாதிரி. ஒவ்வொரு பலகைக்கும் முதலில் அட்டையை வெட்டிச் சுவரோடு அணைத்துப் பிடித்து, சின்ன மரத்துண்டு ஒன்றில் பென்சிலை வைத்துச் சுவரை ஒட்டியே நகர்த்தி, அந்த வளைவை அட்டையில் வாங்கி, அட்டையைப் பிளைவுட்டில் வைத்து அறுத்து, கொண்டு போய் வைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் காகிதம் நுழைகிற சந்து, இன்னொரு இடத்தில் விரலே நுழைகிற சந்து. மறுபடி இறங்கி, மறுபடி இழைத்து, மறுபடி ஏறி. ஒரு நாளைக்கு அந்தப் படியில் நாற்பது தடவை ஏறி இறங்கியிருப்பேன், உன் அம்மா பட்டறை வாசலில் நின்று, இந்த மனுஷன் அவளுக்கு வீடு செய்யுறாரா இல்ல எனக்கு விதவை வேஷம் தைக்கிறாரா என்று போர்டுக்காரரிடம் கேட்டாளாம். அவரே இப்போது தலையை ஆட்டுகிறார், கேட்டாள் கேட்டாள் என்று.

நீ வரைந்து அனுப்பின படத்தை அம்மா படித்துச் சொன்னபடிதான் எல்லாம். இடது பக்கம் கட்டில், அதற்கு அடியில் சாமான் வைக்கிற பெட்டி, வலது பக்கம் அடுப்பு மேடை, பக்கத்தில் துணிக்கு ஒரு ஒல்லி அலமாரி, பாட்டில் பெட்டிகளுக்குச் சக்கரத்துக்கு நேர் மேலே இடம், பாரம் பின்னால் ஏறினால் வண்டி வாலை ஆட்டும் என்று நெட்டை சொன்னதால் அப்படி. படத்தில் இல்லாத ஒன்று நானாகச் சேர்த்தேன், ஜன்னலுக்கு மேலே இரண்டு பக்கமும் மேல் அலமாரி, பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு கதவு. சின்ன இடத்தில் மேலே இருக்கிற காற்றை வீணாக்கக் கூடாது அல்லவா. அவைதான் இந்த டப்பாவிலேயே நான் செய்ததில் நல்ல வேலை. வளைவுக்கு வளைவாக உட்கார்ந்து, கதவுகளின் மரவரி ஆறிலும் ஒரே நதியாக ஓடும். உயரம் என்ன வைப்பது என்று நான் உன்னைக் கேட்கக் கூட இல்லை. உனக்கு இருபத்திரண்டு வயசில், பட்டறைக் கதவு நிலை மேல் நான் வைத்திருந்த சாவியை நீ குதிகால் தூக்காமல் எடுப்பாய், நிலைக்கு மேலே உன் விரல் நாலு அங்குலம் போகும், அந்தக் கணக்கில் வைத்தேன். உன் அம்மாதான் முதல் நாளிலிருந்தே நச்சரித்தாள். மேல எதுக்கு இத்தனை பெட்டி என்றாள், பல்லி குடி வரும் என்றாள், தலையில இடிக்கும் என்றாள், ஒரு நாள், எல்லாத்தையும் கீழ வைங்க, அவ குனிஞ்சு எடுக்கட்டும், இடுப்புக்கு நல்லது என்று கூடச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து என் வேலையில் ஒரு ஆணி கூட எங்கே அடிப்பது என்று சொன்னதில்லை அவள். நான், நீ உன் கரண்டியைப் பாரு, இது என் உளி என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டதை இப்போது நினைத்தால் என்னமோ பண்ணுகிறது.

நெட்டை என்றேனே, உங்கள் ஆபீஸ் டிரைவர்தான், மாதம் ஒரு தடவை பாட்டில் பெட்டிகளை இங்கே சோதனைச் சாலைக்குக் கொண்டு வருகிறவன். போன மாதம் வந்தவன், வண்டியை ஜீப்பில் மாட்டித் தெருக்கோடி வரை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம் பெரியவரே என்றான். பட்டறைக் கொல்லையிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் மானம் போயிற்று. இடது பக்கத்துக் கதவு ஒவ்வொன்றும் தானாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, வலது பக்கத்து டிராயரை இழுத்தால், கையை விட்டதும் ஓடிப் போய் உள்ளே ஒளிந்துகொள்கிறது. நெட்டை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பெரியவரே, உங்க அலமாரி எல்லாம் எனக்குக் கும்பிடு போடுது என்றான். விஷயம் என்னவென்றால், கொல்லையில் வண்டியின் இடது சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கியிருக்கிறது, நான் அதைக் கவனிக்காமல், வீட்டு வேலைக்குச் செய்கிற மாதிரியே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, சாய்ந்து கிடந்த வண்டிக்குள் பூமிக்கு நேராக வேலை செய்து வைத்திருக்கிறேன். பூமிக்கு நேர், வண்டிக்குக் கோணல். வீட்டு ஆசாரி மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான், பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற எவனும் ரசமட்டத்தைக் கையால் தொடமாட்டான். வண்டிக்கு அதன் தரைதான் பூமி, அதிலிருந்து மூலைமட்டம் வைத்துத்தான் போக வேண்டும். இது புரிய எனக்கு எழுபத்து நாலு வயசு ஆகியிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, பதினோரு நாள், காலைப் பலகாரம் பட்டறையிலேயே, மறுபடி பூட்டினேன். இந்தத் தடவை கதவுகளுக்கெல்லாம் அழுத்தினால் பிடித்துக்கொள்கிற கொண்டியும் போட்டேன், குலுக்கலில் திறக்காது.

அப்புறம் போன செவ்வாய்க்கிழமை அவன் மறுபடி வந்தான். இழுத்துப் பார்த்தோம். மேடு பள்ளம், வேகத்தடை, ஒரு தடவை வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கதவு அசையவில்லை, டிராயர் மூச்சு விடவில்லை. எனக்கு மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பேன். அவனும் ஒவ்வொன்றாகத் திறந்து, தட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு மேல் அலமாரிக்கு வந்தான், இதுதான் பெரியவரே கைவேலை, ஆனா இது அக்காவுக்கு எட்டாதே என்றான். ஏன்டா எட்டாது, நீ மட்டும்தான் நெட்டையா, என் பொண்ணு நிலைக்கு மேல நாலு அங்குலம் தொடுவா என்றேன். உயரம் இல்லீங்க, அக்காவுக்கு வலது கை தோளுக்கு மேல போகாதே, ஏணியிலேர்ந்து விழுந்ததுக்கு அப்புறம் என்று சொல்லிக்கொண்டே திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் மேல் கோபப்படாதே கண்ணு, அவன் வாய் தவறிச் சொன்னது, அப்புறம் மிச்சத்தை நான்தான் ஜீப் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொல்ல வைத்தேன். தண்ணித் தொட்டி ஏணியில் மேல் படி பெயர்ந்ததை, கையை ஊன்றி விழுந்ததை, இருபது நாள் ஆஸ்பத்திரியை, இப்போதும் தலை சீவ நீ தலையைத்தான் கைக்குத் தாழ்த்துகிறாய் என்பதை, பாட்டில் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு மேல் யாரையும் அடுக்க விடுவதில்லை என்பதை. ஜீப் நல்லா ஓட்டுவாங்க, அதுல குறையே இல்ல, கை முன்னால நீட்டலாம், மேலதான் போகாது என்று என்னைத் தேற்றினான். சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கட்டில் பெட்டி மேல் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். ஆறு கதவையும் திறந்தேன், மூடினேன். எத்தனை தடவை என்று தெரியாது, எதையும் எண்ணி வைக்கிறவன், அதை எண்ணவில்லை.

அப்புறம்தான் மண்டைக்குள் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. போன வருஷம் உன் கடிதம் ஒன்று, இரண்டு தாள், நாலு பக்கமும் நிறைய எழுத்து. அம்மா படிக்கும்போது வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிப்பாள். அன்றைக்கு விரல் ஏழெட்டு வரி கீழே போயிற்று, வாய் மட்டும் நின்றுவிட்டது. என்னடி என்றேன், கண்ணாடி புகைஞ்சு போச்சு என்றாள். துடைத்துக்கொண்டு அதற்குக் கீழேயிருந்துதான் படித்தாள். எனக்கு எழுத்து தெரியாது, வரி தெரியும். அதிலும், அதற்கு அப்புறம் வந்த இரண்டு கடிதத்திலும் உன் எழுத்தெல்லாம் காற்றடித்த பயிர் மாதிரி இடது பக்கம் சாய்ந்து கிடந்தது, நாலாவதில் நிமிர்ந்துவிட்டது. இது ஏன் சாயுது என்று கேட்டேன், புதுப் பேனாவாம் என்றாள். நானும் நம்பினேன், மரத்தில் ஒரு மயிரளவு சாய்வைக் கண்டுபிடிக்கிறவன், பெற்ற பெண்ணின் எழுத்துச் சாய்வுக்குப் பேனாவைக் காரணம் சொன்னால் நம்பிவிட்டேன். இப்போது புரிகிறது, அது நீ இடது கையால் எழுதினது. பல்லியும் இல்லை, இடுப்பும் இல்லை, உன் கை எட்டாது என்பதை வாய் விட்டுச் சொல்ல முடியாமல், என் உளியைக் கீழே இழுக்க அவள் இத்தனை நாளாகப் பாடுபட்டிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னிடம் மறைத்திருக்கிறீர்கள்.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். புதன்கிழமை முழுக்கக் கோபம்தான், அன்றைக்கு இரண்டு கீலை வளைத்தேன். யார் மேல் கோபம் என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் அது என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. நீ இந்த வேலையில் சேர்ந்து கிளம்பின அன்றைக்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றாய், நான் உள்ளே இருந்தபடியே, போ போ, ஏணி ஏறுற வேலையா பாக்குற, ஒரு நாள் விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு வந்து நிப்ப, அப்ப இந்த அப்பன் சொன்னது தெரியும் என்றேன். நீ பெட்டியைக் கீழே வைக்கக் கூட இல்லை, விழுந்தா உங்ககிட்ட வந்து நிக்கமாட்டேம்ப்பா என்றாய். ஆறு வருஷம் ஆயிற்று, ஒரு சொல் மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும், என் மகள்தானே. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய், விழுந்தும் என்னிடம் வந்து நிற்கவில்லை. நான் சொன்னதும் பலித்துவிட்டது. அதில் எனக்கு ஒரு கடுகளவு கூடச் சந்தோஷம் இல்லை என்பதை மட்டும் நீ நம்ப வேண்டும். ஏணி வேலை தப்பு என்று இப்போதும் நான் சொல்லவில்லை, வேலையை விடு என்றும் சொல்லவில்லை. விழுந்த அன்றைக்கு, அப்பனிடம் சொன்னால் சொல்லிக் காட்டுவான் என்று உனக்குத் தோன்றினது பார், அதுதான் நான் செய்த வேலையிலேயே மோசமான வேலை, அதைக் கழற்றிப் பூட்ட எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்ததைச் செய்கிறேன்.

வியாழக்கிழமை மேல் அலமாரி ஆறையும் கழற்றிவிட்டேன். ஸ்குரூ போட்ட ஓட்டைகளை அடைத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு, இப்போது கையால் தடவினாலும் தெரியாது. அம்மா டீ கொண்டு வந்தவள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு நின்றாள். என்ன ஆச்சு என்றாள். நீ சொன்னதுதான் சரி, பல்லி வரும் என்றேன். என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நான் அப்பவே சொன்னேன்ல, பொம்பளை சொன்னா எங்க கேக்குறீங்க என்று ஆரம்பித்து, தெருவில் நாலு பேருக்கு இதே கதையைச் சொல்லியாகிவிட்டது. ஜெயித்ததாகவே இருக்கட்டும். அவள் ஒரு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் எதிரில் சிரித்து உட்கார்ந்திருந்தாளே, எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே உடைந்துவிடுவாள். அதனால்தான் இந்தக் கடிதம் போர்டுக்காரர் கையில். நீயும் அவளுக்கு எழுதும்போது எதையும் காட்டிக்கொள்ளாதே.

மேலே மட்டும் இல்லை, உட்கார்ந்து யோசித்தால் டப்பா முழுக்க இரண்டு கைக்காரிக்குச் செய்து வைத்திருக்கிறேன். கட்டில் பலகையை இரண்டு கையாலும் தூக்கினால்தான் அடியில் இருக்கிற பெட்டி திறக்கும், அதை மாற்றி முன்பக்கமாக இழுக்கிற டிராயராக்கிவிட்டேன், இடது கை ஒன்று போதும், காலால் தள்ளினாலும் போகும். மடக்கு மேஜை மேலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது, இப்போது கீழேயிருந்து எழுந்து நிற்கும். கதவின் கைப்பிடியை இடது கைக்கு வாகாக மாற்றினேன். தண்ணிக்கு இருபது லிட்டர் கேன் வைக்கிற இடம் போட்டிருந்தேன், அதைப் பிரித்து ஐந்து லிட்டர் கேன் நாலுக்குத் தனித்தனிக் கூடு அடித்துவிட்டேன், ஒவ்வொன்றாகத் தூக்கு, அவசரம் என்ன, உன்னை யாரும் துரத்தவில்லை. மேல் அலமாரியில் போக வேண்டிய சாமானுக்கு ஜன்னலுக்குக் கீழே நீளமாகத் தட்டு அடிக்கப் போகிறேன், கழற்றின கதவுகளையே அறுத்து அதற்குப் போடலாம், அந்த வரி வீணாகாது. ஆனால் அதை எந்த உயரத்தில் அடிப்பது என்பதில்தான் நாலு நாளாக வேலை நிற்கிறது, நானும் நிற்கிறேன், இங்கேயும் அங்கேயும் நடக்கிறேன், அம்மா என்னை மூட்டைப் பூச்சி என்கிறாள். என் தலைக்குள் இருக்கிற அளவெல்லாம் இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் அளவு. இனிமேல் அது உதவாது.

அதனால் நீ எனக்கு நாலு துண்டு நூல் வெட்டி அனுப்ப வேண்டும். எண் எழுதி அனுப்பாதே. எண்ணை உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடலாம், அப்பா வருத்தப்படுவாரே என்று மூன்று அங்குலம் கூட்டியும் போட்டுவிடலாம், நீ அப்படிச் செய்கிறவள்தான். நூல் என்றால் கை அந்த இடத்துக்குப் போய் வந்தாக வேண்டும். பாட்டில் கட்டுகிற முறுக்கு நூல் இருக்குமே, இழுத்தால் நீளாதது, அதையே எடு. செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நின்று வலது கையை எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கு, கூட இருக்கிற யாரையாவது தரையிலிருந்து விரல் நுனி வரை நூலைப் பிடிக்கச் சொல்லி வெட்டு, அதற்கு ஒரு முடிச்சு. அதே வலது கையில் தண்ணி நிறைந்த கெட்டிலைப் பிடித்துக்கொண்டு தூக்கு, அந்த உயரத்துக்கு இரண்டு முடிச்சு, அதுதான் எனக்கு முக்கியம், வெறும் கை போகிற இடத்துக்குப் பாரத்தோடு கை போகாது. கட்டிலில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் கை எவ்வளவு நீளும், தோளிலிருந்து விரல் வரை, அதற்கு மூன்று முடிச்சு. நின்றபடி முழங்கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு, அதற்கு நாலு முடிச்சு, அடுப்பு மேடையை அதற்குச் சரி பண்ணுகிறேன். இடது கைக்கு நூல் வேண்டாம், அது பாட்டுக்கு அது சமாளிக்கும். நெட்டை வண்டியை இழுத்துப் போக இருபத்தைந்தாம் தேதி வருகிறான், முதல் தேதி நீ புது இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று உன் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள் என்கிறான். தட்டு அடிக்க எனக்கு நாலு நாள் வேண்டும், அதனால் நூல் இருபதாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் சுவரை வெறும் சுவராகவே விட்டு அனுப்புவேன், ஆனால் இன்னொரு தடவை ஞாபகத்திலிருந்து உனக்கு அலமாரி செய்யமாட்டேன்.

மற்றபடி, வண்டியை நிறுத்தினதும் முதலில் சக்கரத்துக்குக் கட்டை வை, அப்புறம்தான் ஜீப்பிலிருந்து கழற்று. கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார், காற்று அடிக்கிற நாளில் மெதுவாகப் போ, காய்ந்த மரத்துக்கு அடியில் நிறுத்தாதே, ஏரிக்கரையில் மண் ஈரமாக இருக்கும், இடது சக்கரம் என்னிடம் செய்ததை உன்னிடமும் செய்யும். தோளுக்கு டாக்டர் சொன்ன பயிற்சி இருக்கிறதாமே, நெட்டை சொன்னான், வேலை வேலை என்று அதை விட்டுவிடாதே. போர்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் ஏதாவது பெயர் எழுதித் தருகிறேன், என் செலவு என்கிறார், என்ன பெயர் வேண்டும் என்று எழுது, டப்பா என்று மட்டும் வேண்டாம், அம்மா அதற்கும் ஜெயித்துவிட்டேன் என்பாள். சித்தப்பாவுக்கு நீ ஒரு வரி எழுதினால் அவன் சமாதானமாவான், என்னால் இறங்கிப் போக முடியாது.

நீ நல்லா இருக்கணும் கண்ணு, போகிற பாதையெல்லாம் உனக்கு மேடு பள்ளமில்லாமல் அமையணும், ஆயுசும் பலமுமாக இருக்கணும், அதைத் தவிர எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அம்மா வருகிற சத்தம் கேட்கிறது, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாளே, அதுதான். நூலை மறந்துவிடாதே. கையைத் தூக்கும்போது எனக்காக எம்பாதே, யாரும் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்றாலும் கேட்காதே. வலிக்கிற இடத்தில் வெட்டாதே அம்மா, வலிக்கிறதுக்கு முன்னாலேயே வெட்டிவிடு, மிச்ச தூரம் பலகை இறங்கி வரும்.

இப்படிக்கு,
உன் அப்பா.
(கீழே இருப்பது என் பெருவிரல். மை கிடைக்கவில்லை, போர்டுக்காரரின் நீலப் பெயிண்ட்.)